முப்பதடி வெள்ளைத் துணி

பூந்தமல்லியில் ஒன்பது வருஷம் நெல் கிடங்காகக் கிடந்த பழைய சினிமா கொட்டகையை, 1966 மழைக்காலம் முடிந்ததும் தேவராஜ் சீர்செய்யத் தொடங்கினார். கூரைக்குப் புது ஓடு வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு ஏறியது. திரை மட்டும் செல்லரித்து, தொட்டால் உதிர்ந்தது. புதிது தைக்கச் செலினைத் தேடி வந்தார். ஆவடியில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைத்தவள் அவள்.

"தையலு கண்ணுக்குத் தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா நடிக்கிறவங்க மூஞ்சில கோடு வுழும்."

செலின் தலையாட்டினாள். முப்பத்து நான்கு வயதாகியும் சினிமாவே பார்த்ததில்லை என்று சொல்லவில்லை. அது பாவம் என்று சொல்லி வளர்த்த அப்பா போனபிறகும் அவள் கால் அந்தப் பக்கம் போகவில்லை.

அவ்வளவு பெரிய துணி எந்த வீட்டில் அடங்கும்? தையல் மெஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொட்டகைக்கே கொண்டுபோனாள். தரையில் துணியை விரித்து, முழங்காலால் நகர்ந்து ஊசி குத்தி, பத்து நாளில் ஆறு அகலத் துண்டுகளை ஒன்றாக்கினாள்.

மறுநாள் காலை திரையை இழுத்துக் கட்டினார்கள். ஆபரேட்டர் ஜம்புலிங்கம் கதவுகளைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பழைய ரீல் ஒன்றை ஓட்டினார். கோடு விழுகிறதா என்று பார்க்கச் செலின் முன்னால் நின்றாள்.

கடல் வந்தது. அவள் கையால் மடித்து விரித்த துணிக்குள்ளிருந்து அலை எழுந்து புரண்டது. பிறகு ஒரு பெண்ணின் முகம், கொட்டகை உயரத்துக்கு. இமைத்தபோது இமைமயிர் பனையோலை போல அசைந்தது. செலின் தரையிலேயே உட்கார்ந்தாள். மாதா கோயிலில் பாதிரியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போது போடுவதுபோல, கை தானாகச் சிலுவை போட்டது.

ரீல் முடிந்தது. ஜம்புலிங்கம் படம் ஓட்டும் மேலறையின் துவாரத்தில் முகத்தை வைத்துக் கேட்டார். "இன்னாக்கா, கோடு தெரிஞ்சுதா?"

"பாக்கலண்ணே."

"அதுக்குத்தானே ஓட்டுனேன்?"

"கடலப் பாத்துகினு இருந்துட்டேன். இன்னொரு தபா ஓட்டுங்க."

மூன்று தடவை ஓட்டினார். கடைசியில் தேவராஜ்தான் வந்து பார்த்து, கோடு எங்குமில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

பொங்கலன்று கொட்டகை திறந்தது. நசரத்பேட்டையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். பெண்கள் பக்கத்துத் தரை டிக்கெட்டில் செலினும் நெருக்கியடித்து உட்கார்ந்தாள். படத்தில் ஆறு பெருகி வந்தபோது, பக்கத்திலிருந்த பொன்னியம்மா என்ற நடவுக்காரி தன் புடவைக் கொசுவத்தை மெல்ல மேலே தூக்கிப் பிடித்தாள். செலினும் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டாள்.