பன்னிரண்டாம் குடிலின் ஹீட்டர்

மூன்றாவது முறையும் ஹீட்டர் 'புப்' என்று பற்றி, அடுத்த நொடியே அணைந்தது. ஃபேன் மட்டும் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டே இருந்தது. ஓரின் தரையில் ஒருக்களித்துப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்வியபடி, மூடி கழற்றிய ஹீட்டருக்குள் எட்டிப் பார்த்தான். அவன் தலைமாட்டில், உறைந்த ஏரி மேல் நிறுத்திய குடிலின் தரைப்பலகையிலும் ஐஸிலும் வெட்டியிருந்த வட்டத் துளைக்குக் கீழே ஏரித் தண்ணீர் கறுப்பாகத் தளும்பியது. துளையைச் சுற்றி நான்கு ஜோடி பூட்ஸ் கால்கள்.

"என்ன பெரியவரே, இன்னைக்குள்ள எரியுமா? இல்ல, நாங்க நாலு பேரும் கட்டிப்பிடிச்சுப் படுத்துக்கணுமா?"

கேட்டவன் பிரென்னர். வரும் சனிக்கிழமை அவன் தம்பிக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒரு கூத்தடிக்க, தம்பியையும் இரண்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு மினியாபொலிஸ் நகரத்திலிருந்து மீன்பிடிக்க வந்திருந்தான். பிரென்னரின் அப்பா கூரை போடும் கம்பெனி வைத்திருப்பவர். வருடாவருடம் தன் வாடிக்கையாளர்களை இந்த ஏரிக்கு அனுப்புகிறவர். அதனால் பிரென்னர் எதைக் கேட்டாலும் முதலாளி லைல் உடனே குனிவார்.

ஓரின் டார்ச்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான். சமையல் அடுப்பு நன்றாக எரிகிறது, அப்படியானால் கேஸ் வருகிறது. சிலிண்டர் வாயில் ஐஸ் கட்டவில்லை. பேட்டரியும் தெம்பாக இருக்கிறது. மீதி இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, ஹீட்டரைப் பற்றவைக்கிற சின்ன சர்க்யூட் போர்டு. இன்னொன்று, புகை வெளியே போகும் துளை.

"வெளிய சுவத்துல புகை போற ஓட்டை ஒண்ணு இருக்குல்ல, அது பனி அடைக்காம இருக்கா? பாத்தீங்களா?"

"நானே பாத்தேன். பளிச்சுன்னு இருக்கு."

ஓரின் நம்பிவிட்டான். காலையில் குடிலைச் சுற்றிப் பனியை வாரி அணை கட்டியது அவன்தான். கீழே காற்று புகாமல் இருக்க எல்லாக் குடிலுக்கும் செய்கிற வேலைதான். புகைத்துளைக்கு முன்னால் மட்டும் கவனமாக ஒரு குழி விட்டிருந்தான். தவிர, வெளியே சைபருக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. இமை முடிகள் ஒட்டிக்கொள்ளும் காற்று. அவனுக்கு இன்னொரு தடவை வெளியே போய்க் குனிந்து பார்க்க மனமில்லை. உண்மை அவ்வளவுதான்.

பிரென்னர் அதற்குள் வாக்கி டாக்கியில் லைலைப் பிடித்துவிட்டான். கரையிலிருந்து லைலின் குரல் கரகரவென்று வந்தது.

"ஓரின், போர்டுதான் போயிருக்கும். மாத்திவிடு."

"ஸ்பேர் இல்லீங்க. ஆர்டர் போட்டது திங்கக்கிழமைதான் வருது."

"உன் வீட்டு ஹீட்டர் அதே மாடல்தானே?"

ஓரின் திருப்புளியைக் கீழே வைத்தான். நான்கு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மார்லிஸ் ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வந்திருக்கா, லைல். நெஞ்சுச் சளி இன்னும் போகல."

"தெரியும்ப்பா. ஒரு ராத்திரிதானே. காத்து அடங்கினதும் நான் ஐஸ் விரிசலுக்கு மேல பாலத்தைப் போட்டுட்டு வந்துர்றேன். நீங்க ரெண்டு பேரும் பழகினவங்க. அந்தப் பசங்களுக்கு இந்தக் குளிர் புதுசு."

காகித ஆலை மூடிய வருடம் ஓரினுக்கு வேலை கொடுத்தவர் லைல். குடியிருக்கக் கரையில் ஒரு கேபினும் கொடுத்தார். கோடையில் மட்டும். குளிர்காலத்தில் அந்தக் கேபினுக்கு நல்ல வாடகை வரும் என்பதால், ஏரி உறைந்ததும் ஓரினும் பெண்டாட்டி மார்லிஸும் ஐஸ் மேல் நிறுத்திய பழைய பலகைக் குடிலுக்கு வந்துவிட வேண்டும். விருந்தாளிகளுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடைக்கும் என்பார் லைல். கேட்கிறவருக்கு அதில் ஏதோ சலுகை இருப்பது போலத் தோன்றும்.

அந்தக் குடிலில் மார்லிஸ் கட்டிலில் சாய்ந்து, இரண்டு கம்பளிகளுக்கு மேல் கோட்டையும் போர்த்திக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரின் உள்ளே வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், நேரே ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"நம்மது நல்லாத்தானே ஓடுது. அதை எதுக்குக் குடையற?"

"பன்னெண்டாம் நம்பர்ல எரியல."

"அதுக்கு?"

அவன் திருகாணிகளைக் கழற்றினான். ஃபேன் நின்றது. அதுவரை கேட்காத காற்றின் இரைச்சல் சுவருக்கு வெளியே கேட்டது.

"லைல் சொன்னாரா?" என்றாள் மார்லிஸ்.

"மாட்டிப் பாக்கத்தான். போர்டுல கோளாறு இல்லன்னா இதை அப்படியே திருப்பிக் கொண்டாந்துருவேன்."

"போர்டுலதான் கோளாறுன்னா?"

"காலையில லைல் வந்துருவாரு."

அவள் சிரிக்கப் போய் இருமினாள். இருமல் உள்ளே எங்கோ ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. அடங்கும்வரை அவன் திருப்புளியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.

"என்னைக் கரைக்குக் கூட்டிட்டுப் போயிரு. உன் பனி வண்டியிலேயே போயிரலாம்."

"ஐஸ்ல விரிசல் அகலமாயிருச்சு, மார்லிஸ். மத்தியானமே பாலத்தை அந்தப் பக்கம் இழுத்துட்டாங்க. தண்ணி தெரியுது."

மற்ற குடில்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அவளை அங்கே உட்கார வைத்திருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் எல்லாவற்றையும் டிராக்டரில் கட்டி, விரிசலுக்கு அப்பால், மீன் கூட்டமாக இருக்கும் மேற்குப் பக்கம் இழுத்துப் போயிருந்தார்கள். இந்தப் பக்கம் மிஞ்சியது பிரென்னர் ஆட்களின் பன்னிரண்டாம் குடிலும், ஓரினின் குடிலும்தான்.

"ஐஸுக்குக் கீழ இருக்கற மீனுக்குக்கூட இதைவிடக் கணகணப்பா இருக்கும்" என்றாள் மார்லிஸ். "சீக்கிரம் வா."

போர்டைச் சட்டைக்குள், வெறும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவன் வெளியே இறங்கினான்.

பன்னிரண்டாம் குடிலின் போர்டைக் கழற்றித் தன் தொப்பிக்குள் வைத்து, தொப்பியைத் துளைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூல் மேல் வைத்தான். வெறும் விரல்களால்தான் ஒயர்களை மாட்ட முடிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் எது, ஒயர் எது என்று தெரியாமல் போயிற்று. மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. டிக், டிக், டிக். 'புப்'. அணைந்தது.

"போச்சுடா" என்றான் கல்யாணப் பையன்.

போர்டும் இல்லையென்றால் மீதி புகைத்துளைதான். ஓரின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் குடிலைச் சுற்றினான். அவன் விட்டிருந்த குழியைக் காணவில்லை. அங்கே வழவழவென்று பனி மூடியிருந்தது. மண்வெட்டியால் ஒரு இழுப்பு இழுத்ததும் அட்டைப்பெட்டியின் மூலை தெரிந்தது. புகைத்துளையை அப்பிக்கொண்டு ஒரு பெட்டி பியர்.

பின்னால் வந்து நின்ற பிரென்னர் சிரித்துவிட்டான். "அட, அதுவா. வெளிய வெச்சா பியர் உறைஞ்சு வெடிக்குது, உள்ள வெச்சா சூடாயிடுது. இந்த ஓட்டைக்கிட்ட மட்டும் இதமா இருந்துச்சு. நல்ல ஐடியான்னு வெச்சோம்."

"நீங்களே பாத்தேன்னு சொன்னீங்களே."

"பாத்தேன் பெரியவரே. வைக்கறப்ப பாத்தேன்."

ஓரின் பெட்டியை இழுத்துப் போட்டு, துளைக்குள் இறுகியிருந்த ஐஸைத் திருப்புளியால் குத்தி எடுத்தான். உள்ளே திரும்பி ஸ்விட்சைப் போட்டதும் ஹீட்டர் ஒரே பற்றலில் பிடித்துக்கொண்டது. சுடுகாற்று முகத்தில் அடித்தபோது அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மார்லிஸிடம் போய் முதலில் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தான். பழைய போர்டும் நல்ல போர்டுதான். இவர்களுடையதை இவர்களுக்கே மாட்டிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். அதற்குக்கூட அவசியமில்லை. ஸ்டூல் மேல் இருப்பதை எடுத்துப் போய்த் தன் ஹீட்டரில் மாட்டிக்கொண்டால் போதும்.

அவன் கையை நீட்டிய நேரத்தில் கல்யாணப் பையனின் தூண்டில் வளைந்தது. "மாட்டிக்கிச்சு, மாட்டிக்கிச்சு" என்று நான்கு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். யாரோ ஒருவனின் பூட்ஸ் ஸ்டூலைத் தட்டியது. தொப்பி தரையில் விழுந்தது. அதற்குள் இருந்த போர்டு பலகையில் ஒரு முறை புரண்டு, துளையின் விளிம்பில் நின்று, தண்ணீருக்குள் போனது. அதே துளை வழியாக, முழங்கை நீளத்துக்கு ஒரு மீன் துள்ளிக்கொண்டு மேலே வந்தது.

ஓரின் மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினான். கீழே முப்பதடி ஆழம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் துழாவினான்.

"விடுங்க பெரியவரே, ஒரு போர்டுதானே. எங்க கணக்குல சேத்துக்கச் சொல்லுங்க" என்றான் பிரென்னர். அவன் கை மீனைப் பிடித்திருந்தது. இன்னொருவன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஈரக் கை விறைத்துத் தகரமாகிக்கொண்டிருந்தது. ஓரின் அதை ஹீட்டருக்கு முன்னால் பிடித்தபடி சொன்னான். "இதுல இப்ப ஓடுறது என் வீட்டுப் போர்டு. என் சம்சாரம் அங்க ஹீட்டர் இல்லாம உக்காந்திருக்கா."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பிரென்னர் வாக்கி டாக்கியை எடுத்தான்.

"ஓடுதுல்ல? ஓடுறதை யாரும் தொடாதீங்க" என்றார் லைல். "ஓரின், கேக்குதா? அதைக் கழட்டினேன்னா, வசந்தத்துல கேபின் சாவி கேட்டு என்கிட்ட வராதே."

"அவளை இங்கயாவது கூட்டிட்டு வந்து உக்கார வைக்கறேன், லைல். அந்த மூலையில. ஒரு சத்தம் காட்ட மாட்டா."

"அது அவங்க இடம். அவங்களைக் கேளு."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணப் பையன் "பாவம்ண்ணா" என்று முணுமுணுத்தான். பிரென்னர் ஓரினின் தோளில் கைபோட்டு, வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, தணிந்த குரலில் பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கு நெஞ்சுச் சளின்னு சொன்னீங்கள்ல? சனிக்கிழமை இவனுக்குக் கல்யாணம். சர்ச்சுல முந்நூறு பேரு. இவனுக்கு ஏதாச்சும் ஒட்டிக்கிச்சுன்னா எங்கம்மா என்னைக் கொன்னுருவாங்க. நீங்க வேணா எப்ப வேணா வாங்க. வந்து குளிர் காஞ்சுட்டுப் போங்க." ஒரு பியரை எடுத்து ஓரினின் கோட்டுப் பைக்குள் திணித்தான். கதவு மூடிக்கொண்டது.

அவன் தன் குடிலுக்குத் திரும்பியதும் மார்லிஸ் அவன் கைகளைப் பார்த்தாள். அவன் கட்டிலுக்கு எதிரே இருந்த ஒற்றைச் சமையல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்தான். அடைத்த குடிலுக்குள் அடுப்பெரித்து, அந்த விஷவாயுவில் தூங்கியவர்களைக் காலையில் ஸ்ட்ரெச்சரில்தான் இறக்குவார்கள். அடுப்பு கொடுக்கிற சூட்டில் பாதி அந்த இரண்டு விரல் இடைவெளி வழியாகப் போனது.

"நீ தூங்கு. நான் முழிச்சிருக்கேன்" என்றான். கோட்டுப் பையில் இருந்த பியரைப் பற்றி அவன் சொல்லவில்லை.

"தூங்கினா குளிரும். பேசிட்டே இரு."

அவன் அவளுடைய கால்களை எடுத்துத் தன் சட்டைக்குள், வயிற்றின் மேல் வைத்துக்கொண்டான். ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டது போல இருந்தது. பியர் பெட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்சுவரில் அவர்கள் விட்ட மூச்சு வெள்ளையாகப் படிந்துகொண்டே வந்தது. அவளுடைய இருமல் இப்போது சத்தமில்லாமல், தோள்களை மட்டும் குலுக்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஜன்னல் இடுக்கு வழியாக எதையோ உற்றுப் பார்த்தாள்.

"அங்க என்ன பண்றாங்க?"

ஓரின் திரும்பிப் பார்த்தான். ஐஸ் மேல் ஒரு கூப்பிடு தூரத்தில், பன்னிரண்டாம் குடிலின் கதவு விரியத் திறந்திருந்தது. மூடிவிடாமல் இருக்க ஒரு பக்கெட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தோடு ஆவி புகைபோலப் புரண்டு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பையன் பனியனோடு வாசற்படியில் நின்று, ஒரு பேப்பர் தட்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தான்.

"புழுக்கமா இருக்காம்" என்றான் ஓரின்.