தம்பியின் அளவு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறந்துகொண்டிருந்தன. துபாய்க்கு வெளியே, ஹத்தா ரோட்டில் இருக்கும் அந்தச் சைனா மாலுக்குள் கஜந்தினி நுழைந்தபோது அவள் மனதில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. தம்பிக்கு ஒரு சட்டை தைக்க வேண்டும். அளவுதான் இல்லை.

அம்மா சிவகொழுந்து வவுனியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். போர் முடிந்து அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து வெளியே விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. போன கிழமை போனில் சொன்னாள்: "பிள்ளை, அவன் வரேக்க போடுறதுக்கு ஒரு நல்ல சேட்டு இல்லை. கடையில வாங்காத, தைப்பிச்சு அனுப்பு. அவன்ர தோளுக்குக் கடைச் சேட்டு பத்தாது."

தம்பி சஜீவனை மே மாதம் சண்டைக்கு நடுவே கடலேரியைக் கடக்கும்போது அம்மா தவறவிட்டாள். பின்னால் வந்துகொண்டிருந்தவன். திரும்பிப் பார்த்தபோது இல்லை. அவ்வளவுதான் தெரியும். கஜந்தினி துபாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்; அவனைப் பார்த்து நாலு வருசம் ஆகியிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது அவன் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தான். இப்போது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று யாரைக் கேட்பது?

துணிக்கடைகள் இருக்கும் பக்கம் திரும்பும்போது அந்த முதுகைக் கண்டாள்.

நீலச் சட்டை. அகன்ற தோள். இடது கையில் பெரிய பை, உடம்பு வலது பக்கம் சாய்ந்த நடை. சின்ன வயசிலிருந்து இடது கையிலேயே தண்ணீர்க் கேன் சுமந்து சஜீவனுக்கு அந்தச் சாய்வு வந்துவிட்டது. கை வெறுமையாக இருந்தாலும் அப்படித்தான் நடப்பான். அவள் பின்னால் போனாள்.

அவன் போர்வைக் கடையில் நின்றான். சீனக்காரர் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டினார். அவன் அதை வாங்கி வேறு விலையை அடித்துத் திருப்பிக் கொடுத்தான். சீனக்காரர் நெஞ்சில் கைவைத்து, செத்துப்போவேன் என்பதுபோலத் தலையாட்டினார். நாலைந்து தடவை கால்குலேட்டர் அங்கும் இங்கும் போய் வந்தது. கடைசியில் போர்வை பைக்குள் போனது. அவன் டார்ச் லைட் கடைக்குப் போனான், பொம்மைக் கடைக்குப் போனான். கஜந்தினியும் போனாள். முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று கவனமாக இருந்தாள். பார்க்காதவரை அது அவன்தான்.

பொம்மைக் கடை வாசலில் அவன் சட்டென்று திரும்பினான்.

"என்னக்கா, ரொம்ப நேரமா பின்னாடியே வர்றீங்க?"

ஒட்டிய கன்னம், அடர்ந்த மீசை. வேறு முகம். கையிலிருந்த பையைக் கீழே வைத்ததும் அந்தச் சாய்வும் போய்விட்டது. நிமிர்ந்து நின்றவனிடம் சஜீவன் கொஞ்சமும் இல்லை.

"குறை நினைக்காதேங்கோ. அந்தப் பையை ஒருக்காத் தூக்குங்கோ," என்றாள்.

"சிலோன்காரங்களா?" என்று கேட்டபடியே, எதற்கென்று தெரியாமலே தூக்கினான். மறுபடி அந்தத் தோள். கஜந்தினி அழுதுவிட்டாள்.

அவன் பேர் சேதுபதி. பரமக்குடி பக்கம். கட்டட வேலை, லீவில் ஊருக்குப் போக சாமான் வாங்க வந்திருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். தன்னைவிடச் சின்னவர்கள் எல்லாரையும் தம்பி என்று கூப்பிடுகிறவள், இவனை அப்படிக் கூப்பிட வாய் வராமல் 'நீங்கள்' என்றே பேசினாள்.

"உங்கட அளவு அவனுக்குச் சரியா இருக்கும். ஒருக்கா நிண்டு குடுப்பியளா?"

"தம்பி இப்ப எங்க இருக்காரு?"

"தெரியாது. மே மாசத்துக்குப் பிறகு தெரியாது."

சேதுபதியின் முகம் மாறியது. அவனும் டிவியில் பார்த்திருந்தான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இல்லாதவங்களுக்கு அளவு குடுக்கிறது எங்க பக்கம் ஆகாதும்பாங்க."

"இல்லாதவன் எண்டு ஆர் சொன்னது?"

அவன் பையை எடுத்துக்கொண்டு, "வாங்க," என்றான்.

தையல் கடையில் இருந்தவள் நடுத்தர வயதுச் சீனப் பெண். இரண்டு தெரு மாதிரி நீண்ட வரிசையின் கடைசிக் கடை. கஜந்தினி இளம்பச்சையில் துணி எடுத்தாள். அந்தப் பெண் டேப்பைச் சேதுபதியின் தோளில் வைத்து, கழுத்தில் சுற்றி, கை நீளம் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

"பிரதர்? சேம் ஃபேஸ்."

சேதுபதி சிரிக்கவில்லை. கஜந்தினி, "யெஸ், பிரதர்," என்றாள்.

தைத்து முடியும்வரை இருவரும் டீ குடித்தார்கள். அவன் மகளுக்கு எந்தப் பொம்மை எடுப்பது என்று கேட்டான். அவள் கண் மூடித் திறக்கும் பொம்மையை வேண்டாமென்று சொல்லி ஒரு கரடியைக் காட்டினாள்.

சாயங்காலம் சட்டை தயாராகிவிட்டது. சேதுபதி திரைக்குப் பின்னால் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தான். கச்சிதமாக இருந்தது.

"கோவிக்காதேங்கோ. அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு, அந்த முடக்கு மட்டும் நடக்கிறியளா? திரும்பிப் பார்க்க வேண்டாம்."

அவன் பாதை திரும்பும் அந்த முடக்கை நோக்கி நடந்தான். பிளாஸ்டிக் பூக்களுக்கும் கண்ணாடி விளக்குகளுக்கும் நடுவே, வலது பக்கம் சாய்ந்தபடி. கஜந்தினி கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால் திரும்பிவிடுவான். அம்மா முன்னால் போனதால் தம்பியை இழந்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணை எடுக்கமாட்டேன் என்று நினைத்தாள். அவன் முடக்கில் திரும்பினான். காணவில்லை.

ஓடினாள்.

முடக்குக்கு அப்பால் சேதுபதி சுவரோடு சாய்ந்து நின்று, உள்பனியனோடு, சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை.

"நீங்கதானே பின்னாலயே வந்தீங்க? கால் சத்தம் கேட்டுச்சு."

"நான் கடை வாசல்லயே நிண்டனான்."

அவன் சட்டையை மடித்து அவளிடம் நீட்டினான். "திரும்பிப் பாக்கவேண்டாம்னு சொன்னீங்க. அதனால பாக்கல," என்றான். பிறகு பைக்குள் இருந்த தன் நீலச் சட்டையைப் போட்டு, பொத்தானைக்கூடச் சரியாகப் பூட்டாமல், பையோடு பஸ் நிற்கும் பக்கம் போனான். இந்தத் தடவை பையை வலது கையில் மாற்றிப் பிடித்திருந்தான்.

சட்டையைக் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். இரண்டு கிழமை கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. குரலில் பல மாதமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"சேட்டு வந்தது பிள்ளை. நேற்றுப் பொழுதுபடேக்க வந்தவன். போட்டுப் பார்த்தவன். அளவு நல்ல அளவு."

கஜந்தினி ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். "ஆர் அம்மா வந்தது?" என்று கேட்க வேண்டும். கேட்காதவரை அது தம்பிதான்.

"ஆனா ஒண்டு கேக்கிறான்," என்றாள் அம்மா. "இதை ஏற்கெனவே ஆரோ போட்டுக் கழட்டின மாதிரிக் கிடக்காம். ஆர் எண்டு கேக்கிறான்."

கீழே ரோட்டில் ஹாரன் சத்தம். அம்மாவின் பக்கம் யாரோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

"ஓம் அம்மா," என்றாள் கஜந்தினி. "ஒரு நல்ல மனுசன் அவனுக்காகப் போட்டுப் பார்த்தவர் எண்டு சொல்லுங்கோ. கோவிக்க வேண்டாமாம் எண்டு சொல்லுங்கோ."

"சொல்லுறன்," என்று அம்மா ரிசீவரை வாயிலிருந்து விலக்கி, யாரிடமோ மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.