ஸ்திரமான சஞ்சி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறைத்தால் இரண்டு பக்கம் தள்ளி நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது கிடைத்தது. எனக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவர் டாக்டர் வெங்கடசுப்ரமணியன். பெருங்குடல், மலக்குடல், ஆசனவாய் என்று அந்த வட்டாரத்தில் எது கெட்டாலும் ஊரில் முதலில் சொல்லப்படும் பெயர்.

"சாரினு எந்தா ஜோலி?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"கதை எழுதறேன்."

"தமிழிலோ? எங்கில் ஞான் ஒரு தமாசு பறயாம். எழுதிக்கோ."

எழுந்து ஓட முடியாதவனிடம் கதை சொல்வது எவ்வளவு சௌகரியம் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்கு வந்திருப்பது வெறும் மூலம்தான் என்று அவர் விரல் கண்டுபிடித்தது. இந்தக் கதைக்கும் அதுவே மூலம்.

2

தொடக்கம் ஒன்று: "ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்த அந்தக் கைகள்..." வேண்டாம். பாராட்டு விழா மலரில் அவர் படத்துக்குக் கீழே போட்டுவிடுவார்கள்.

தொடக்கம் இரண்டு: "விழிஞ்ஞத்தில் கம்பி கட்டும் வேலை செய்யும் பிச்சைக்கனி அன்று காலையும் ரத்தத்தைப் பார்த்துவிட்டு..." இதுவும் வேண்டாம். ஏழையின் ரத்தத்தோடு ஆரம்பித்தால் நீங்கள் 'உச்' கொட்டுவீர்கள். உச் கொட்டியவருக்கு மனம் இளகிவிடும். இளகிய மனத்தோடு டாக்டரையும் மன்னித்துவிடுவீர்கள். அவரை மன்னிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஆகவே டாக்டரிடமிருந்தே தொடங்குகிறேன். வலியசாலை அக்ரஹாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டுக்குள் 'வாங்கோ, போங்கோ' தமிழ். மருத்துவக் கல்லூரி விடுதியில் ஒருவன் அவரை 'எடா பாண்டி' என்று கூப்பிட்டான். தமிழனை இளப்பமாகச் சொல்ல இங்கே அதுதான் வார்த்தை. வெங்கடசுப்ரமணியனுக்கு மூக்கு சிவந்துவிட்டது. சண்டைக்குப் போனார். எதற்கு? "ஞான் பாண்டியல்ல, பட்டராணு" என்று திருத்துவதற்கு. பாண்டி என்றால் கூலிக்கு வந்தவன், பட்டர் என்றால் அக்ரஹாரத்து ஆள். அந்த வித்தியாசத்துக்காகத்தான் ரோஷம். அன்று முதல் வீட்டு வாசலைத் தாண்டினால் அவர் தமிழ் பேசுவதில்லை.

பிறகு இங்கிலாந்து, மேல்படிப்பு, திரும்பி வந்து பெயர், பெயருக்குப் பின்னால் ஒரு முழம் எழுத்து. எல்லாம் இருந்தும் கல்யாண வீடுகளில் மட்டும் ஒரு சங்கடம். "மாப்ளை எதுக்கு டாக்டர்?" என்று யாராவது கேட்டால் மனைவி நாகலக்ஷ்மி முந்திக்கொண்டு, "வயத்துக்கு" என்பாள்.

"வயத்துக்கா? எனக்குக்கூட மேல் வயத்துல ஒரு வலி..."

"இல்லை மாமா, இவர் கொஞ்சம் கீழே."

[நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் கை அபாரமான கை. மற்றவர்கள் கைவிட்ட கேஸ்களை எடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறார். கதைக்கு இது இடைஞ்சல்தான். கெட்ட டாக்டராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.]

மாநாடுகளில் அவர் பேசும் தலைப்பு: நோயாளியிடம் அவர் மொழியில் பேசுங்கள். அதை ஆங்கிலத்தில் பேசுவார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

3

பிச்சைக்கனியும் அவர் மனைவி இசக்கிசெல்வியும் டாக்டரின் அறைக்குள் வந்தபோது வெளியே கூட்டம். திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கட்டி ஆசனவாயை ஒட்டி இருந்தது. அந்த வாசலையே எடுத்துத் தைத்து மூடினால்தான் ஆள் பிழைப்பார். குடலின் முனையை வயிற்றில் திறந்துவிட்டு, மலம் வந்து சேர அங்கே ஒரு பையை ஒட்ட வேண்டும். ஆயுள் முழுக்க அப்படித்தான்.

டாக்டர் அவர்களைப் பார்த்தார். கட்டம் போட்ட சட்டை, சிமெண்ட் அப்பிய நகக்கண். வாயைத் திறந்தவுடனேயே தெரிந்துவிட்டது, சுத்தத் தமிழ்நாட்டுக்காரர்கள். தமிழில் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அது இருந்தது. ஆனால் பக்கத்தில் ஜூனியர் டாக்டர் ஆர்யா நின்றாள், நர்ஸ் ஷிஜா நின்றாள். அவர்கள் முன்னால் பாண்டியோடு பாண்டியாக இவர் ஏன் பேச வேண்டும்?

"ஓப்பரேஷன் வேணம்," என்றார். "பின்னே, ஸ்திரமாயிட்டு ஒரு சஞ்சி வேண்டி வரும். மனசிலாயோ?"

"மனசிலாச்சு சார்," என்றார் பிச்சைக்கனி.

* சஞ்சி: மலையாளத்தில் பை. தெற்கத்தித் தமிழிலும் பை. இரண்டு பாஷையும் கைகோத்துக்கொண்டு போகிற இடத்தில்தான் ஆள் குழிக்குள் விழுகிறான்.

 * ஸ்திரம்: டாக்டரின் மலையாளத்தில் 'எப்போதைக்கும்'. பிச்சைக்கனியின் காதில் 'கெட்டியான, உறுதியான'.

* மனசிலாச்சு: இந்த ஊருக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் வார்த்தை. மேஸ்திரியிடம், போலீசிடம், வீட்டுக்காரரிடம் எல்லாம் இதுதான். புரிந்தது என்பதற்காகச் சொல்வதல்ல. பெரிய மனுஷன் முன்னாலிருந்து இடத்தைக் காலி பண்ணுவதற்காகச் சொல்வது.

டாக்டருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொன்னார்.

4

வெளியே வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது:

"சஞ்சி எதுக்காம்?" என்றாள் இசக்கிசெல்வி.

"பத்து நா கெடக்கணும்லா? துணிமணி, டம்ளரு, சோப்பு, எல்லாம் வைக்கத்தான்."

"அத ஏன் இம்புட்டுப் பெரிய டாக்டரு சொல்லுதாரு?"

"பெரிய ஆஸ்பத்திரியில அப்படித்தான். கண்ட கவரையும் தூக்கிட்டு வரக்கூடாதாம்."

இசக்கிசெல்வி சாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். நாலு கடை ஏறி இறங்கினாள். ஒவ்வொரு பையின் கைப்பிடியையும் இழுத்து இழுத்துப் பார்த்து, கடைக்காரன் முகம் சுளித்த பிறகும் இழுத்துப் பார்த்து, கடைசியில் கித்தான் துணியில் ஜிப்பு வைத்த நீலப் பை ஒன்றை வாங்கினாள். கல்லை அள்ளிப் போட்டாலும் அது அறாது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஷிஜா வந்து பிச்சைக்கனியின் வயிற்றில் இடப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். அங்கேதான் கிழிப்பார்கள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். இசக்கிசெல்வி பையை நீட்டி, "டாக்டரு கேட்ட சஞ்சி" என்றாள். ஷிஜா அதை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது. யாருக்கும் நேரமில்லை.

ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது.

5

டாக்டர் என்னிடம் சொன்ன தமாஷின் உச்சகட்டம் இதுதான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்த பிச்சைக்கனியின் வயிற்றில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கிறது. டாக்டர் பரிவாரத்தோடு வருகிறார். இசக்கிசெல்வி அதைக் காட்டி, "இது என்னது சார்?" என்கிறாள்.

"இதல்லே சஞ்சி! ஞான் பறஞ்ஞில்லே?" இதுதானே அந்தப் பை, சொன்னேனே என்கிறார்.

அவள் கட்டிலுக்கடியில் குனிந்து நீலப் பையை இழுத்து வெளியே வைக்கிறாள். "அப்பம் இது?"

வார்டே சிரித்தது. ஆர்யா சிரித்தாள், ஷிஜா சிரித்தாள், பக்கத்துக் கட்டில்காரர் தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரையும்விட டாக்டர் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அவர் கதை இங்கே முடிந்தது. என்னைத் திரும்பிப் படுக்கச் சொன்னார்.

எனக்குக் கதை முடியவில்லை. சஞ்சி எது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, சரி. ஸ்திரம்? அதை அவள் இன்னும் 'கெட்டி' என்றுதானே வைத்திருப்பாள்? வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டேன்: "டாக்டர், அதை எடுக்கவே முடியாதுன்னு அவங்களுக்குச் சொன்னீங்களா?"

கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆர்யா பறஞ்ஞு காணும்," என்றார்.

வெளியே ஆர்யாவைப் பிடித்துக் கேட்டேன். "அது சார் நேரத்தே பறஞ்ஞதல்லே?" என்றாள்.

ஆக, யாரும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருப்பார் என்று இவளும், இவள் சொல்லியிருப்பாள் என்று அவரும். டிஸ்சார்ஜ் அன்று இசக்கிசெல்வி, "இத எப்பம் எடுப்பாவ?" என்று கேட்டபோதுகூட ஆர்யா, "ரிவ்யூவினு வரும்போள் சாரினோடு சோதிக்கணும்," என்றிருக்கிறாள். வரும்போது சாரிடம் கேளுங்கள் என்று அர்த்தம். சோதித்துவிட்டு எடுப்பார்கள் என்று இசக்கிசெல்வி எடுத்துக்கொண்டாள்.

6

இனி வருவது டாக்டர் சொன்னதல்ல. ரிவ்யூ நாள் இன்னும் வரவில்லை. நான் எழுதுகிறேன்.

பிச்சைக்கனி சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறார். நடை கொஞ்சம் சாய்வாக இருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. உட்காருவதற்கு முன்பே இசக்கிசெல்வி சொல்கிறாள்: "நேத்து ராத்திரியோட சரி சார். பச்சத்தண்ணிகூடக் குடுக்கல. போன தடவ ஆப்ரேசனுக்கு அப்படித்தான சொன்னிய? இன்னைக்கு இத எடுத்துருவியள்லா?"

டாக்டர் வெங்கடசுப்ரமணியன் அப்போதுதான் தன் வார்த்தையை அவள் காதால் கேட்கிறார்.

முடிவு (அ): அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிச்சைக்கனியின் கரடுமுரடான கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். அவர் கண்களில்...

நிறுத்து. இந்த ஆளின் கண்ணில் ஒன்றும் வராது. வந்தால் எனக்குப் பரிசு வரும், அவ்வளவுதான்.

முடிவு (ஆ): அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் அவர் தமிழ் பேசினார். "கவலைப்படாதீங்கோ. இதை ஆத்துல இருந்துண்டே நீங்களே மாத்திக்கலாம்."

"ஆத்துலயா?" இசக்கிசெல்வி திகைத்தாள். "எங்க ரூமுலயே பைப்பு இருக்கே சார். ஆத்துக்குப் போயித்தான் மாத்தணுமா?"

அவருக்கு 'ஆத்துல' என்றால் வீட்டில், அவளுக்கு ஆற்றில். அவர் சங்கடத்தோடு சிரித்துவிட்டு மறுபடி மலையாளத்துக்குள் போய்...

இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. அதனால்தான் வேண்டாம். இன்னொரு சிரிப்பு சிரித்து இந்த ஆள் இன்னொரு முறை தப்பிக்கக்கூடாது. தவிர, முக்கியமானதைச் சொல்லாமல் ஓரத்தில் இருப்பதைச் சொல்ல எந்தத் தமிழும் உதவும்.

முடிவு (இ): "ஆர்யே, ஒந்நு பறஞ்ஞு மனசிலாக்கு," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து தியேட்டருக்குப் போனார்.

இதுதான் நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நடக்கப்போவதை எழுதுவதற்கு நான் எதற்கு?

7

ஆகவே டாக்டரை அந்த நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறேன். எழுந்து போகக் கதவு கிடையாது; நான் எழுதினால்தான் கதவு. ஆர்யாவை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டேன். வாய் திறந்திருக்கிறது. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்த கை அது! மேஜைமேல் சும்மா கிடக்கிறது. அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

அதை நானே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "இது நிரந்தரம்" என்று எழுதினேன். போர்டில் எழுதி மாட்டியது மாதிரி இருந்தது. "இனிமேல் இப்படித்தான்" என்று எழுதினேன். தண்டனை மாதிரி இருந்தது. "உயிர் பிழைத்ததே பெரிது, ஆகையால்..." என்று ஆரம்பித்து, ஆகையாலுக்குப் பிறகு பேனா நகரவில்லை. டாக்டரை இவ்வளவு ஏசிய என் தமிழும் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

எனவே அதை உங்களிடம் விடுகிறேன். பணிவு, பெருந்தன்மை என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குத் தமிழ் தெரியும், இதுவரை சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்கள், நீலப் பை வெளியே வந்தபோது நீங்களும் சிரித்தீர்கள். இப்போது டாக்டரின் நாற்காலியில் உட்காருங்கள். எதிரே இசக்கிசெல்வி நிற்கிறாள். பிச்சைக்கனி சட்டையின் கீழ்ப்பொத்தானை அவிழ்த்துத் தயாராக இருக்கிறார், இரண்டு பேரும் உங்கள் வாயையே பார்க்கிறார்கள்.

எந்தத் தமிழில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அந்த மனிதர் நேற்று ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.