பிந்தி வந்த படம்

நிஷியோ மோரிஹிரோவின் மனைவி சிஸுரு இறந்த முப்பதாம் நாள், சனிக்கிழமை மதியம், யசுயே வந்தாள். பிஸ்கட் தொழிற்சாலையில் சிஸுருவோடு இருபது வருஷம் வேலை பார்த்தவள். படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு மோரிஹிரோவிடம் கேட்டாள்.

"அவ விளையாடுற வீடியோ கேம் பெட்டி எங்கே, நிஷியோ-சான்? ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறேன். அவளுக்குப் பிடிக்கும்."

எடுத்துக் கொடுத்தான். சுவரை அடைத்து நின்ற பெரிய தட்டை டிவியில் மாட்டினார்கள். முப்பத்தைந்து வருஷப் பழைய விண்கல ஆட்டம். மூன்றாம் கட்டத்தில், திறந்து மூடும் வாசலில் யசுயேவின் கலம் நசுங்கியது. மறுபடியும் நசுங்கியது.

"என்ன இழவு இது! கண்ணை மூடிக்கிட்டே தாண்டுவேனே!"

"அவளும் அங்கேதான் தோத்துப் போவா. கேன்சர் மருந்து ஏத்தினதுல விரல் மரத்துப் போச்சுன்னு சொன்னா."

"விரல் இல்லைங்க, டிவி. பட்டனை அமுக்கினா துளி நேரம் கழிச்சுத்தான் படம் நகருது. சினிமா பாக்கும்போது அது தெரியாது. இதுல அந்தத் துளிதான் உயிரு. பழைய குண்டு டிவியில இந்தத் தாமதம் இருக்காது. அது எங்கே?"

சிஸுரு ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் அவன்தான் அதைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். படுத்தபடியே பார்க்கட்டும் என்று பெரிதாக வாங்கினான். அவளும் சந்தோஷப்பட்டாள். ஏழு நாள் விளையாடினாள். எட்டாம் நாள் கன்ட்ரோலரைக் கீழே வைத்து, "என் கை போயிடுச்சு" என்றாள். பிறகு தொடவே இல்லை. சட்டைப் பித்தானைப் போடக்கூட அவனிடம் வந்து நின்றாள். அவன் போட்டுவிட்டான்.

"எங்க வீட்ல பழைய டிவி இருக்கு. வாங்க, பாத்துடலாம்" என்றாள் யசுயே.

ரயிலில் இரண்டு நிலையம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனான். அங்கே யசுயே முதல் ஆட்டத்திலேயே வாசலைத் தாண்டினாள்.

"அப்போ அவ கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"மருந்தும் கொஞ்சம் பண்ணியிருக்கும். எனக்குத் தெரியலையே."

நெஞ்சுக்குள் ஏதாவது எழும்பும் என்று காத்திருந்தான். ஒன்றும் எழவில்லை. கால் விரல்கள் சில்லிட்டிருந்தன, அவ்வளவுதான்.

"டிவியை மாத்தினது நான்" என்றான்.

"தெரியும்." யசுயே கன்ட்ரோலரை அவன் பக்கம் தள்ளினாள். "ஆடுங்க."

வாழ்நாளில் அவன் அதைத் தொட்டதில்லை. கலம் கிளம்பிய வேகத்தில் பாறையில் மோதியது.

"அவ்வளவு இடம் கிடக்கு, கல்லைத் தேடிப் போய் முட்டுறீங்களே! அவ பாத்திருந்தா வீட்டை விட்டே துரத்தியிருப்பா."

யசுயேவின் புருஷன் குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மேல, மேல!" என்று கத்தினார். இருட்டும்வரை ஆடினான். உடோன் நூடுல்ஸ் கொடுத்தார்கள், சாப்பிட்டான். கிளம்பும்போது, "டிவியைக் கொண்டுபோறீங்களா?" என்றாள் யசுயே.

"வேணாம். பெட்டி இங்கேயே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமை வரலாமா?"

வந்தான். அதற்கடுத்த சனியும் வந்தான். குளிர்காலம் முடிவதற்குள் முதல் கட்டத்தைத் தாண்டினான். கணவனும் மனைவியும் கைதட்டினார்கள். அவன் தலையை ஆட்டிவிட்டு இரண்டாம் கட்டத்துக்குப் பட்டனை அமுக்கினான்.