இரண்டாவது கேசட்டின் முதல் பாட்டு

எங்கள் மூவாறு மெல்லிசைக் குழுவின் பேர்போன பாட்டுகளெல்லாம் முதல் கேசட்டிலேயே வந்துவிட்டன. 1984 தை மாதம் கேசட் போடும் துரைராசு நீடாமங்கலத்துக்கே வந்து, "அடுத்ததுக்கு அவ்வளவா வெளியே தெரியாத பாட்டா எட்டு குடுங்க. ஆனா ஜனங்க கேட்டதா இருக்கணும்" என்றார்.

அதற்கு ஆதாரம் என்னிடம் உண்டு. குழுவின் செயலாளர் நான். கச்சேரியில் ஜனங்கள் மேடைக்கு அனுப்பும் விருப்பச் சீட்டுகளை ஊர்வாரியாகக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்து எட்டுப் பாட்டுக்குப் பட்டியல் எழுதினேன். எங்கள் பாடகி அம்சம் தானே கட்டிய 'அரை மரக்கா' அதில் வரவில்லை. அறுப்புக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு, அவள் அம்மா வயலில் இறங்காமல் நின்ற வருஷத்துப் பாட்டு அது.

"ஒரு சீட்டுகூட இல்லையேம்மா" என்றேன்.

"யாரும் கேக்காமலா அண்ணே ஊருக்கு ஊர் பாடினேன்? எங்க தெருவுல எழுதத் தெரிஞ்சவங்க எத்தனை பேரு? அவங்க பிரிதானே அனுப்புவாங்க!"

பிரி என்பது கதிர்க்கட்டு கட்டும் வைக்கோல் கயிறு. அறுத்த வயலில் கச்சேரி கேட்கும் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே வைக்கோலை முறுக்கி, ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு, கை மாற்றி மேடைக்கு அனுப்புவார்கள். பிரி வந்தால் 'அரை மரக்கா' கேட்கிறார்கள் என்று அம்சம் அந்தப் பாட்டை எடுப்பாள். நான் பிரியைக் குப்பை என்று ஓரம் தள்ளுவேன். ஆறு வருஷமாக இதைத்தான் செய்திருக்கிறேன்.

"தள்ளினதெல்லாம் எங்க போச்சுன்னு நினைச்சீங்க, செயலாளரே?" தபேலா வீரையன் சிரித்துக்கொண்டே தன் பெட்டியைத் திறந்தான். தபேலா அடிபடாமல் இருக்க அடியில் சுருட்டி வைத்திருந்தது அத்தனையும் பிரி.

தரையில் நீட்டிப் போட்டு முடிச்சுகளை எண்ணினேன். நூற்றுப் பதினேழு. என் கம்பியில் முதலாவதாக வந்த பாட்டுக்கே நாற்பத்திரண்டு சீட்டுதான்.

துரைராசு முகம் சுளித்தார். "கூலிப் பாட்டை எந்தப் பண்ணை வீட்டுல போடுவாங்க?"

"பண்ணை வீடு ஊருக்கு ஒண்ணுங்க. டீக்கடை எத்தனை?" என்றாள் அம்சம்.

அவர் குனிந்து தரையில் கிடந்த பிரிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "சரிம்மா, முதல் பாட்டாவே வச்சிடலாம்" என்றார்.

பட்டியலில் எட்டாவதாக இருந்தது நான் எழுதிய பாட்டு. அதை நானே அடித்தேன்.

பங்குனியில் கூத்தாநல்லூர் கச்சேரிக்குப் போக நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர் டீக்கடையில் அம்சத்தின் குரல் கேட்டது. பாட்டு முடிந்ததும் கடைக்காரர் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். அம்சம் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். கேசட் அட்டையில் அவள் பெயருக்குக் கீழே நான் எழுதிக் கொடுத்த வரி இருக்கிறது: 'கேட்டவர்கள்: நூற்றுப் பதினேழு முடிச்சு.'

அன்றைய கச்சேரியில் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு பிரி கிளம்பியது. நானே இறங்கிப் போய் வாங்கி, சீட்டுக் கம்பியில் கோத்தேன்.