முப்பது தாளிலும் இல்லாத ஆள்

மேடம் முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு கட்டு முழுவதையும் புரட்டினார்.

"அந்த ஆளு எங்கே?"

"எந்த ஆளு மேடம்?" என்றாள் படத்தை வரைந்தவள்.

"கதவுல நிப்பாரே, அவருதான்."

அவள் வரைந்த படத்தில் ஆளே கிடையாது. ஒரு சாப்பாட்டு மேசை, நாலு நாற்காலி, திறந்து கிடக்கும் வாசல் கதவு, வெளியே கருநீல இருட்டு. அவ்வளவுதான். மேடம் சொந்தமாகக் கலைக்கூடம் நடத்துபவர். புதிதாக வரைய வந்த சிலரைப் பொறுக்கி எடுத்துக் கண்காட்சி வைக்கிறார். ஆளுக்கு ஒரு ஸ்கிரீன் பிரிண்ட், முப்பதே பிரதி, அதற்குமேல் அடிக்கக் கூடாது. அவளுக்கு இதுதான் முதல் வாய்ப்பு.

முதலில் சோதனைக்கு அடித்து, அவள் சரியாகப் பார்க்காமலே கொடுத்தனுப்பிய மாதிரித் தாளைப் பார்த்த அன்றே மேடம் போனில், "உள்ளேயும் வராம, போகவும் மனசில்லாம நிக்கிறாரே, அதுதாங்க என்னை உலுக்கிடுச்சு" என்று சொல்லியிருந்தார். ஒன்றும் புரியாமல் இவளும் "ஆமா மேடம்" போட்டு வைத்தாள். பெரிய இடத்தில் படத்தைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துவிட்டாள். அந்த 'ஆமா' இப்போது அவளையே மாட்டிவிட்டது.

மேடம் அலமாரியிலிருந்து மாதிரித் தாளை எடுத்து நீட்டினார். நிஜமாகவே ஒருவர் நின்றார். கருநீலத்துக்குள் கொஞ்சம் வெளிறிய உருவம், சின்னத் தலை, அகன்ற தோள். தன் கையால் வரைந்த படத்துக்குள் தனக்குத் தெரியாமல் யார் வந்து நின்றது?

"இதே மாதிரி முப்பதும் வேணும். இல்லேன்னா இந்தத் தடவை உங்களைச் சேர்க்க முடியாது."

வீட்டின் பின்கட்டில் தம்பி டி-ஷர்ட்டுக்குப் படம் அடிக்கும் தொழில் நடத்துகிறான். அக்காவின் படத்தையும் அவன்தான் அடித்தான். மாதிரித் தாளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, சிலிண்டர்!"

"என்னது?"

"கேஸ் கம்பெனிக்கு சிலிண்டர் படம் போட்டு டி-ஷர்ட் அடிச்சேன்ல, அதே ஸ்கிரீன்தான் இது. பழைய படத்தோட கறை ஸ்கிரீன் சட்டத்துல இழுத்துக் கட்டின வலைத்துணியிலயே தங்கிடுச்சு. அந்த இடத்துல மை சரியா இறங்கல. நான் பாத்துட்டேன்க்கா. உன் படமாச்சேன்னு ராவு ராவுன்னு ராவி சுத்தமாக்கிட்டுத்தான் முப்பதையும் அடிச்சேன். எப்படி?"

மெச்சிக்கொள்வாள் என்று நின்றான். அவளுக்கு அவனை அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று விளங்கவில்லை.

"திரும்ப அந்தக் கறையைக் கொண்டு வாடா."

"அது தானா வந்ததுக்கா. வான்னா வருமா?"

அவளே தூரிகையை எடுத்து அந்த ஆளை வரைந்து பார்த்தாள். வரைந்தால் வரைந்த மாதிரியே இருந்தது. கிழித்துப் போட்டாள். தான் வரைந்ததைச் சீண்ட ஆளில்லை, வரையாததைக் கேட்டு ஆள் நிற்கிறது என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. தெரியாமல் விழுந்த கறையை என் படம் என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது? உண்மையைச் சொல்லி விலகிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள்.

அப்போதுதான் அம்மா வந்தாள். துவைத்த துணியோடு மேசைப் பக்கம் போனவள் மாதிரித் தாளின் முன் நின்றுவிட்டாள்.

"ஏன்டி, அப்பாவை இவ்வளவு குண்டாவா வரைவே?"

படத்தில் இருந்தது இந்த வீட்டு வாசல்தான்; அப்பா அந்தக் கதவு வழியாகத்தான் போனார். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர், வரவேயில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவர் பேச்சை எடுத்ததில்லை. நாலாவது நாற்காலியையும் யாரும் நகர்த்தியதில்லை.

தம்பி, "அம்மா, அது சிலிண்ட..." என்று ஆரம்பித்தான். அக்கா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"போறப்போ எலும்பும் தோலுமா இருந்தாரு," என்றாள் அம்மா, தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்கேயோ வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்குது போல. கிடைக்கட்டும்."

துணியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் வாசல் கதவை ஒருதரம் பார்த்தாள்.

தம்பி காலைத் தேய்த்துக்கொண்டான். "இப்ப என்னக்கா பண்றது?"

இதை வரைந்தது யார் என்று அவளுக்கு இன்னமும் விளங்கவில்லை. தானா, தம்பியா, கேஸ் கம்பெனியா, அம்மாவா? ஆனால் வெறும் கதவை வரைந்துவிட்டதாக நினைத்த இத்தனை நாளும் தான் யாருக்காக அதைத் திறந்து வைத்திருந்தோம் என்பது மட்டும் புரிந்துபோயிற்று. பென்சிலைத் தேடி எடுத்து, மாதிரித் தாளின் அடியில், எத்தனை பிரதியில் எத்தனையாவது என்று குறிக்கும் இடத்தில், 'ஒன்றில் ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"மேடத்துக்கிட்ட என்ன சொல்லுவே?"

"சிலிண்டர்னு சொல்லுவேன். இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதையும் விக்கிறதா இல்லைன்னும் சொல்லுவேன். மாட்டுறதுன்னா மாட்டட்டும்."

"அம்மாகிட்ட?"

"வாயைத் திறந்தே, இன்னொரு காலையும் மிதிப்பேன்."