விளிம்பில் ஐந்து கல்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் பாலைவனப் பூங்காக்கள் ஐந்தையும் ஒரே மூச்சில் சுற்றிவிடுவது என்று வேனைக் கிளப்பிக்கொண்டு வந்தவர் வெர்லின். நான்காவது பூங்காவில் மனிதருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வெறும் பாறையில் பாதை ஏது? பூங்காக் காவலர்கள் அங்கங்கே அடுக்கிவைத்த கற்கள்தான் வழிகாட்டி. அது தெரிந்தும், பள்ளத்தாக்கின் விளிம்பில் விளையாட்டாக ஐந்து கல்லை அடுக்கினார்.

“கலைச்சுட்டு வாங்க. யாராவது வழின்னு நம்பிடப் போறாங்க,” என்றாள் மனைவி கொரீன்.

“இந்த வெயில்ல எவன் வரப்போறான்? நீ சும்மா வா.”

வந்தது, பக்கத்து வேனில் தங்கியிருந்த ஓபல் அம்மாள். எழுபத்திரண்டு வயதில் தன்னந்தனியாக ஊர் சுற்றுகிறவர். மறுநாள் காலையில் காவலர்கள் அவரைத் தூக்கிவந்தார்கள். விளிம்புக்குக் கீழே ஓர் இடுக்கில் விழுந்து கிடந்திருக்கிறார். கணுக்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

“கல்லடுக்கைப் பார்த்துத்தான்டா திரும்பினேன்,” என்றார், செய்தி கேட்டுப் பதறியடித்து வந்த மகனிடம்.

“அங்க அடையாளமே வைக்கலைன்னு காவலர் சொல்றாரே! உனக்குக் கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. இனிமே வேனும் வேண்டாம், ஊர் சுத்தவும் வேண்டாம். சாவியைக் குடு.”

வெர்லினுக்கு உடம்பெல்லாம் கூசியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார், வந்தது, “தண்ணி குடிக்கிறீங்களாம்மா?” தண்ணீர் கொடுத்தார், குடை பிடித்தார், நாற்காலியை மடித்துவைத்தார். சொல்லவேண்டிய அந்த ஒன்றைத் தவிர எல்லாம் செய்தார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

“நல்ல மனுசன்ப்பா நீ,” என்றார் ஓபல். பிறகு மகனைப் பார்த்து, “வயசாயிடுச்சுதான் போலிருக்கு. இந்தா,” என்று சாவியை நீட்டினார்.

“குடுக்காதீங்கம்மா,” என்றாள் கொரீன். “உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்தக் கல்லை அடுக்கினது நாங்க.”

நாங்க என்றாள், கலைக்கச் சொன்ன புண்ணியவதி. வெர்லினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. “நாங்க இல்லம்மா. நான்தான்,” என்றார் ஒருவழியாக.

ஓபல் சாவியை மடியில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. வெர்லின் பக்கம் திரும்பினார்.

“காலையிலேருந்து என் பக்கத்துலதானே தம்பி நின்னே?”